வரிசையில் நின்ற அத்தை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. நாங்கள் ஆஸ்டினில் இருக்கிறோம். ஜூனில் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் தங்கிக்கொள்ளும் வசதியுள்ள 22 அடி டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நியூ மெக்சிகோ வழியாகக் கொலராடோ போனோம். தென்காசியிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் கூட வந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெற்குக் கொலராடோவில் ஒரு சின்ன ஊர். ரோட்டோரத்தில் மண்நிறத்தில் ஒரு சர்ச், மணி அடித்துக்கொண்டிருந்தது. "மணி அடிக்கிற நேரத்துல தாண்டிப் போகக் கூடாதும்மா, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவோம்" என்றார் அத்தை. நிறுத்தினோம். வாசலில் ஒரு சிறுமி ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அத்தை அதைப் பத்திரமாக மடித்துத் திருநீற்றுப் பொட்டலத்தோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ். மற்றவர்கள் எழுந்தபோது எழுந்தோம், உட்கார்ந்தபோது உட்கார்ந்தோம்.

திடீரென்று எல்லாரும் வரிசையாக முன்னால் போக ஆரம்பித்தார்கள். சின்னவனுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், அத்தை வரிசையில் நிற்கிறார். வலது கைக்கு அடியில் இடது கையை வைத்து, தீர்த்தம் வாங்குகிற மாதிரி. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஓரமாக நின்ற ஒரு பெரியவர் எங்களையே பார்த்தார். கூசிப்போய்விட்டது. முடிகிறவரை இருக்காமல் கிளம்பிவிட்டோம். கிளம்பின அவசரத்தில் டிரெய்லர் சக்கரம் வாசல் பக்கம் இருந்த ஒரு மரக்கட்டையை வேறு சாய்த்துவிட்டது.

தெரியாத இடத்தில் இனிமேல் இறங்கவே கூடாது என்கிறார் என் கணவர். அத்தை ஊருக்குப் போய்விட்டார். போனில் இன்னும் கேட்கிறார்: "எல்லாருக்கும் குடுத்தாங்க, என்னைய மட்டும் ஏன் இழுத்தே?" நாங்கள் செய்தது தப்பா சார்? உள்ளே போயிருக்கவே கூடாதா?

எஸ்., ஆஸ்டின்

*

அன்புள்ள எஸ்.,

உள்ளே போனதில் தப்பில்லை. அத்தை வரிசையில் நின்றதில் தப்பில்லை. நீங்கள் இழுத்து வந்ததும் சரிதான். மூன்றும் எப்படி ஒன்றாகச் சரியாகும் என்று அத்தை கேட்பார். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நம் கோயில்களில் கணக்குப் பார்த்ததெல்லாம் வாசலில்தான். யார் உள்ளே வரலாம், யார் கொடிமரத்தோடு நிற்க வேண்டும் என்பதில் நம் ஆட்கள் செய்த அநியாயத்தை நிறுத்த 1939இல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே வந்து கையை நீட்டினவருக்குத் தூக்கிப் போட்டாவது திருநீறு கொடுத்துவிடுவார்கள். நீங்கள் போன கோயிலில் ஏற்பாடு நேர்மாறு. கதவை யாருக்கும் அடைப்பதில்லை. உங்களை யார் என்று கேட்காமல் அந்தச் சிறுமி தாள் கொடுத்தாள் பாருங்கள். அவர்கள் கணக்குப் பார்ப்பது அந்த வரிசையில் மட்டும்தான்.

அங்கே கொடுப்பது நற்கருணை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் 'நன்மை வாங்குவது' என்பார்கள். குருவானவர் வசனம் சொன்ன பிறகு அந்தச் சின்ன வெள்ளை அப்பம் அவர்களுக்குக் கிறிஸ்துவின் உடல். பேச்சுக்கு அப்படிச் சொல்வதில்லை, அப்படியே நம்புகிறார்கள். ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல்முறை நன்மை) வாங்கி, அந்தச் சபையோடு ஒன்றியிருப்பவருக்குத்தான் அது. கத்தோலிக்கரிலேயே பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்யாமல் மனசில் கனத்தோடு வந்தவர் பெஞ்சைவிட்டு எழ மாட்டார். நீங்கள் அன்று திரும்பிப் பார்த்திருந்தால் உங்களைப் போலவே உட்கார்ந்திருந்த நாலைந்து பேரையாவது பார்த்திருப்பீர்கள்.

அத்தைக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தென்காசிக்காரருக்கு அசனம் தெரியாமல் இருக்காது. கிறிஸ்தவக் கோயில் திருநாளில் அண்டா அண்டாவாகச் சோறு ஆக்கி, சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே போடுவார்களே, அதில் போய் யாரும் உட்காரலாம். அதே கோயிலில், அதே நாள் காலைப் பூசையில், நன்மை வாங்க எல்லாரும் போக முடியாது. அன்று நீங்கள் பார்த்தது நன்மை என்று சொல்லுங்கள். அசனமாக இருந்திருந்தால் நானே முதல் பந்தியில் உட்கார வைத்திருப்பேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கோபம் ஆறிவிடும்.

அந்தப் பெரியவர் பார்த்ததற்கும் வருத்தப்படாதீர்கள். அப்பத்தை வாங்கினவர் அங்கேயே வாயில் போட வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நகர்ந்தால் பின்னாலேயே வந்து பதமாகச் சொல்வார்கள். அதைக் கவனித்துக்கொள்வதற்கென்றே ஆள் நிற்பதுண்டு. உங்கள் அத்தை என்ன செய்திருப்பார் என்று எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா? ஒரு விள்ளலைப் பேரன் வாயில் ஊட்டிவிட்டு மிச்சத்தை முந்தானையில் முடிந்திருப்பார். அந்த மனிதர் பயந்தது இதற்காகத்தான் இருக்கும்.

இன்னொன்று. அமெரிக்காவில் பல கோயில்களில், எல்லாவற்றிலும் இல்லை, நன்மை வாங்காதவர்களும் வரிசையில் போகலாம். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போய் நின்றால் குருவானவர் ஒரு ஆசீர் சொல்லி அனுப்புவார். பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் 'இங்கே அப்படி உண்டா' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு நாம் படும் கூச்சம் இருக்கிறதே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

சில வருடங்களுக்கு முன் அல்புகர்க்கி நண்பர் ஒருவர் தன் டிரெய்லரில் என்னை நியூ மெக்சிகோவிலேயே இருக்கும் தாவோஸ் பக்கம் கூட்டிப்போனார். ஊருக்குச் சற்று முன்னால், ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்ற இடத்தில், 68ஆம் நம்பர் ரோட்டை ஒட்டியே புனித பிரான்சிஸ் அசிசியார் கோயில் இருக்கிறது. 1816இல் கட்டி முடித்தது, முழுக்கச் சுடாத மண் கல். ரோட்டிலிருந்து முதலில் தெரிவது கோயிலின் முதுகுதான். ஜன்னல் கிடையாது, அலங்காரம் கிடையாது. சுவருக்கு முட்டுக் கொடுத்த மண் திண்டுகள், படுத்திருக்கும் யானைக்கூட்டம் மாதிரி. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்ததும் ஆன்சல் ஆடம்ஸ் புகைப்படம் எடுத்ததும் இந்த முதுகைத்தான்.

அதைப் பார்த்த பரவசத்தில் நண்பர் ரோட்டைவிட்டு உள்ளே திருப்பிவிட்டார். நாலு பக்கமும் பழைய மண்வீடுகள், ஒடுக்கமான இடம். 24 அடி டிரெய்லரோடு சுற்றி வர வழியில்லை. பதற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தார். வண்டியும் டிரெய்லரும் முழங்கை மாதிரி மடங்கி நின்றுவிட்டன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. காரில் போயிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு, பத்துப் படம் எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வந்திருப்போம். டிரெய்லரை எங்கே ஒளித்துவைப்பது? ஊரே பார்த்தது.

முழங்கைவரை சேறு அப்பியிருந்த ஒரு பாட்டியம்மா கோயில் சுவரிலிருந்து இறங்கி வந்தார். கண்ணாடியில் தட்டி, கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வைக்கச் சொன்னார். டிரெய்லரின் பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, கை அந்தத் திசையில் நகர்ந்தால் போதும். இருபது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கும் என் நண்பருக்கு அது அன்றுதான் தெரிந்தது. அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தோம். எங்கே நிறுத்தலாம் என்று கேட்டோம். இடத்தைக் காட்டிவிட்டு, "நிறுத்திவிட்டு வாருங்கள், வேலை இருக்கிறது" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், கூடி அதற்குப் புதுசாக மண் பூசுகிறார்கள். என்ஹாரே என்று பெயர். சலித்த மண், தண்ணீர், நறுக்கின வைக்கோல், அவ்வளவுதான். நாங்கள் வாளியில் சுமந்து கொடுத்தோம், அவர் உள்ளங்கையால் சுவரில் அறைந்து, மேல்நோக்கி இழுத்துத் தேய்த்தார். கை போன போக்கெல்லாம் சுவரில் பிறை பிறையாகத் தெரிந்தது. பொங்கலுக்கு முந்தி வாசலையும் திண்ணையையும் மெழுகும் எங்கள் ஆச்சியின் கை அதே மாதிரிதான் போகும். அந்த ஊரிலும் பூசுவேலை பரம்பரையாகப் பெண்களுடையது.

வருடா வருடம் இந்தப் பாடு எதற்கு என்று 1967இல் அவர்களே சிமெண்ட் பூசிப் பார்த்திருக்கிறார்கள். சிமெண்டில் விரிசல் விட்டது. விரிசலில் இறங்கின மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மண் கல் ஊறிப் பொதபொதத்துவிட்டது. 1979இல் சிமெண்டை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டுப் பழையபடி மண்ணுக்கே திரும்பினார்கள். மண் பூச்சு கரையத்தான் செய்யும், ஆனால் வாங்கின ஈரத்தைத் திரும்ப விட்டுவிடும்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் பூசைக்கும் இருக்கச் சொன்னார். சேறு காய்ந்த பேண்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். நன்மை நேரத்தில் நான் எழுந்திருக்கவில்லை. யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

உங்கள் கணவர் தெரியாத இடத்தில் இறங்கக் கூடாது என்கிறார். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. நீங்கள் இறங்கினீர்கள், ஆனால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு நடந்ததாக நினைத்ததும் ஓடிவிட்டீர்கள். வாசலில் நின்ற சிறுமியிடமே 'நாங்கள் இந்து, வழியில் போகிறவர்கள், உட்காரலாமா' என்று கேட்டிருந்தால் அவள் யாரையாவது கூட்டி வந்திருப்பாள். அத்தைக்குத் துணைக்கு ஒரு பாட்டி கிடைத்திருப்பார்.

அடுத்த முறை அத்தை வரும்போது சிமாயோ கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். சாண்டா ஃபேயிலிருந்து தாவோஸ் போகும் மலைப்பாதையில் இருக்கிறது. டிரெய்லரை எஸ்பனோலா பக்கம் கேம்ப்கிரவுண்டில் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துப் போங்கள், மேலே எல்லாம் வளைவும் ஒடுக்கமும்தான். அங்கே கோயிலின் பக்கத்து அறையில், தரையில் ஒரு சின்னக் குழி. அதிலுள்ள மண்ணை நோய் தீர்க்கும் மண் என்று அள்ளிப் போகிறார்கள். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் சுவரில் வரிசையாகத் தொங்கும். பெரிய வெள்ளிக்கு முந்தின நாட்களில் ஹைவே ஓரமாக ஆயிரக்கணக்கில் நடந்தே வருவார்கள். குழி வற்றாமல் கோயில்காரர்களே பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்து போடுகிறார்கள், அதை மறைப்பதும் இல்லை. அங்கே நீங்கள் எந்த மதம் என்று கேட்க ஆளில்லை. ராமநாதபுரம் பக்கத்து ஓரியூரில் அருளானந்தர் என்ற குருவானவர் வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணை நம் ஆட்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவது மாதிரிதான் என்று சொன்னால் அத்தை கைப்பையில் இடம் ஒதுக்கிவிடுவார்.

கிட்டத்தில் இன்னொரு சின்னக் கோயில், அதையும் விட வேண்டாம். அங்கே குழந்தை இயேசுவுக்குக் குட்டிக் குட்டிக் காலணிகள் வைக்கிறார்கள். ராத்திரியெல்லாம் நடந்துபோய் ஏழைகளுக்கு உதவுவதால் செருப்பு தேய்ந்துவிடுகிறதாம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயத்துக்கு வருகிறேன். மரக்கட்டை. வண்டி திரும்பின தடத்திலேயே டிரெய்லர் திரும்பாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் நன்றாக முன்னால் போய், அகலமாகத் திருப்ப வேண்டும். அவசரத்தில் எல்லாருக்கும் நடக்கும். ஆனால் நற்கருணை வரிசைக்காக இவ்வளவு தூரம் மனசைப் போட்டு வருத்திக்கொண்ட நீங்கள், சாய்த்த கட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட தப்பு இதில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரே குருவானவர் நாலைந்து கோயில்களைப் பார்த்துக்கொள்வார். காசு புழங்குகிற இடங்கள் இல்லை. அந்தக் கட்டையை வார நாளில் வந்து நிமிர்த்தி நட்டவர் அன்று உங்களைப் பார்த்த பெரியவராகவே இருக்கலாம்.

பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து, இன்ன தேதியில் வந்தவர்கள், கட்டையைச் சாய்த்தது நாங்கள்தான், என்ன செலவு என்று கேளுங்கள். கோயில் பெயர் ஞாபகம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வாசலில் கொடுத்த தாளில் பூசை நேரத்தோடு போன் நம்பரும் போட்டிருப்பார்கள். அது தென்காசியில், அத்தையின் கைப்பையில், திருநீற்றுப் பொட்டலத்தோடு இருக்கிறது.