ஆயாவின் வேப்பிலை

ஐயா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக் கரையில் ஒரு சிரிங்கா மரம் நிற்கிறது. மாரியம்மன் பூசைக்கு ஆயா இதன் இலையைத்தான் வேப்பிலை என்று பறிப்பார். போன வாரம் புல் வெட்ட வந்தவர், இது அரசாங்கம் தடுத்த மரம் என்றார். இந்தியாவில் அது பாட்டுக்கு நிற்கிற மரம், இங்கே மட்டும் எப்படிக் களையானது?
– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

சிரிங்கா வேம்பு இல்லை, வேம்பின் ஒன்றுவிட்ட தங்கை. ஊரில் மலைவேம்பு என்பார்கள் (அதே பெயரில் இன்னொரு மரமும் உண்டு, அது தனி வம்பு). வேம்பில் ஒரே காம்பின் இருபுறமும் இலை. சிரிங்காவில் அந்தக் காம்பே மறுபடி கிளைக்கும். மாரியம்மன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

'அது பாட்டுக்கு நிற்கிறது' என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கோபுர இடுக்கிலும் கிணற்றுச் சுவரிலும் வேப்பங்கன்றை நட்டது யார்? காக்கா. ஊரில் அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. அதே வேம்பு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஆற்றோரம் பரவி, இன்று அரசு அறிவித்த களை.

விடத்தல் இன்னும் நல்ல சாட்சி. மன்னாரின் விடத்தல்தீவுக்குப் பெயர் கொடுத்த அதே முள்மரம், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சொந்தம். இங்கே சிக்கிள் புஷ். மாடு காயைத் தின்றால் விதை சாணத்தோடு ஊர் சுற்றும். வெட்டினால் வேரிலிருந்து கிளம்பும். மேய்ச்சல் மிஞ்சிப் புல் போன இடத்தைச் சொந்த மண்ணிலேயே புதராக மூடிவிடும். பண்ணைக்காரர்களைக் கேளுங்கள், திட்டித் தீர்ப்பார்கள். இதுவே கியூபாவுக்குப் போய், கைவிட்ட கரும்பு வயல்களை விழுங்கியது. அங்கே பெயர் மராபு. கரி சுட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். பரவுகிற செடி சொந்த ஊரிலும் பரவும். வெளியூரில்தான் நம் கண்ணுக்குப் படுகிறது.

சிரிங்காவும் அந்த ரகம். சீக்கிரம் வளரும், கிளறிவிட்ட மண் என்றால் கொண்டாட்டம். இங்கே நிழலுக்கும் அழகுக்கும் ஊரெங்கும் நட்டார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த கிளையில் மஞ்சள் பழம் தொங்கும். நமக்கு நஞ்சு, கொண்டைக்குருவிக்கு விருந்து. யாரும் நடாமல் முளைத்த கன்று காய்த்து, அதன் கன்றும் காய்த்துவிட்டால் அந்தச் செடி குடியேறிவிட்டது என்று பொருள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே வந்திறங்கிய நம் ஆட்களை இதோடு ஒப்பிட்டு உருகும் பேச்சு எனக்குப் பிடிக்காது. மரம் மரம்தான்.

சரி, சட்டம். இங்குள்ள விதிகளின்படி நகரத்துக்குள் ஏற்கெனவே நிற்கும் சிரிங்காவை வைத்திருக்கலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. ஆனால் ஓடைக் கரைக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் பழம் தண்ணீரிலும் போகும். உங்கள் மரம் போகத்தான் வேண்டும் அம்மா. வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும், வெட்டிய கையோடு களைக்கொல்லி பூசச் சொல்லுங்கள். அதையும் காய் மஞ்சளாவதற்கு முன்னால் செய்யுங்கள்.