சிவந்த பப்பாளியின் விதையில் மஞ்சள் பழம் வந்தது எப்படி?

கேள்வி: ரெட் லேடி என்ற வீரிய ஒட்டு ரகப் பப்பாளித் தோட்டத்தில் பறித்த, நன்கு சிவந்த நீளப் பழம் ஒன்றின் விதையை எடுத்து நட்டேன். சில மரங்களில் பழம் மஞ்சளாக இருக்கிறது. சில ஆண் மரங்களாகவே நிற்கின்றன. வீரிய ஒட்டு ரகத்தின் விதை அப்படித்தான் மாறும் என்கிறார்கள். மீதி விதையை நடலாமா? (திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: நட வேண்டாம். ஒட்டு ரகத்தின் விதையில் விளைச்சல் ஒரு சீராக இராது என்பது உண்மை. ஆனால் நிறம் மாறியதற்கு அது காரணமன்று.

பப்பாளியில் மஞ்சள் சதை ஓங்கு பண்பு, சிவப்பு ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இரு மரபணுக்களில் ஒன்று மஞ்சளுக்குரியதாக இருந்தாலே பழம் மஞ்சளாகிவிடும். இரண்டும் சிவப்புக்குரியவையாக இருந்தால்தான் சிவக்கும். எனவே சிவந்து பழுக்கும் மரத்துக்குள் மஞ்சள் ஒளிந்திருக்க வழியில்லை. அது அக்கம்பக்கத்து மரத்தின் மகரந்தத்தோடு வந்திருக்கிறது. நீங்கள் அறுத்துப் பார்த்த சதை தாய் மரத்தின் பகுதி, அதில் ஒட்டியிருந்த கறுப்பு விதையே அடுத்த தலைமுறை என்பதால், சதையைப் பார்த்து விதையை எடை போட முடியாது.

ஆண் மரங்களும் இதற்குச் சாட்சி. ஆண் தன்மை ஓங்கு பண்பாதலால், அதைச் சுமக்கும் மரம் ஆணாகவே வெளிப்படும். ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டையும் கொண்டு நீளப் பழம் தரும் இருபால் மரத்திடம் அது கிடையாது.

இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகக் கவனியுங்கள். இருபால் தன்மை பெண் தன்மையை ஓங்கி நிற்பது. ஆகவே இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றால், மெண்டல் 1866இல் பட்டாணியைக் கொண்டு காட்டிய கணக்குப்படி மூன்று இருபாலுக்கு ஒரு பெண் வர வேண்டும். வருவதோ இரண்டுக்கு ஒன்றுதான், ஏனெனில் இருபால் மரபணுவை இரட்டையாகப் பெற்ற கரு பிழைப்பதில்லை. ஆகவே எந்த இருபால் மரமும் பெண் தன்மையை உள்ளே சுமந்தே நிற்கிறது. இருபால் கன்று மட்டுமே தரும் விதை என்று ஒன்று இயல்பாகக் கிடையாது.

இது தெரியாதவர்களை நம்பித்தான் கன்று வியாபாரிகள் சிலர் பிழைக்கிறார்கள். வேர் நேராக இறங்கினால் ஆண், கிளைத்தால் பெண் என்று பிடுங்கிக் காட்டி, கூடுதல் விலை வாங்குவார்கள். பூக்கும் முன் கண்ணால் பால் அறிய முடியாது. மரபணுச் சோதனையில்தான் முடியும். 1966ஆம் ஆண்டிலேயே விதைச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், சாலையோரத்துப் பாலித்தீன் பைக் கன்றுக்குத் தந்தை எது என்று கேட்ட அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. ரசீது தராதவரிடம் வாங்காதீர்கள்.

சொந்த விதைதான் வேண்டுமென்றால், வீரிய ஒட்டு ரகத்தை விட்டு, கோ 7 போன்ற ரகத்தில் இருபால் பூவின் மொட்டை, விரியும் முன்பே காகித உறையால் மூடிக் கட்டி, பிஞ்சு பிடித்ததும் உறையை நீக்கி, அந்தக் காம்பில் அடையாளக் கயிறு கட்டிவிடுங்கள். அந்த விதையைக் குழிக்கு மூன்று கன்றாக நட்டு, பூத்ததும் ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள். சூலகத்தோடு மஞ்சள் மகரந்தப் பைகளும் இருந்தால் அது இருபால். அத்தகைய கன்று ஒன்றை நிறுத்தி மற்றவற்றை வெட்டிவிடலாம். சராசரியாக 27 குழிகளுக்கு ஒன்றில் மூன்றுமே பெண்ணாக அமையும். அங்கே ஒரு பெண் மரத்தையே விட்டுவையுங்கள், உருண்டைப் பழம் கிடைக்கும்.