மணல் திருட்டு, முதலை முட்டை: மனுக்களைப் பிரித்துப் போடுங்கள்

கேள்வி: கொள்ளிடக் கரையில், அணைக்கரைப் பக்கம் எங்கள் ஊர். ராத்திரியில் பொக்லைன் வைத்து மணல் அள்ளுகிறார்கள். முதலை முட்டையிடும் மணல் திட்டில் பாதியை வெட்டிவிட்டார்கள். உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. காவல் நிலையத்தில், "இது கனிமவளத் துறை வேலை" என்கிறார்கள். மணல் அள்ளுபவர்களோ, "ஆத்துல உனக்குப் பட்டா இருக்கா?" என்று கேட்கிறார்கள். நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம், பட்டா வேண்டாம். ஆனால் எல்லாக் குறையையும் ஒரே மனுவில் கொட்டி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்காதீர்கள். அது துறை துறையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதலில் முட்டை. உங்கள் பலமே இதுதான். சதுப்பு முதலை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் பிரிவு 2(16) வேட்டையாகவே கணக்கிடுகிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை; அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "கொள்ளிடம் சரணாலயம் இல்லையே" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். வேட்டைத் தடை சரணாலயத்துக்கு வெளியிலும் உண்டு. வனச்சரகரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மாவட்ட வன அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். அசையவில்லையா? பிரிவு 55-ன்படி அறுபது நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டு, நீங்களே நேராகக் குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

"முட்டை இருந்தது எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். அதனால் மிச்சமிருக்கும் திட்டை வனத்துறைக்கு இப்போதே காட்டி, எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லுங்கள். அடுத்த பருவத்தில் அந்தச் சாக்கு எடுபடாது.

அடுத்தது மணல். காவல் நிலையத்தில் சொன்னது பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டப்படி அதிகாரம் பெற்ற அலுவலர்தான் நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். ஆனால் ஆற்று மணலைத் திருடுவது தனிக் குற்றம், அதற்குக் காவல்துறை வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. இப்போது அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 303. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள்.

மூன்றாவது, சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பலர் சறுக்குவது இங்கேதான். வன உயிரினச் சட்டம் அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலிலேயே இல்லை. முதலையை மட்டும் சொல்லிப் போனால் மனு நிற்காது. சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் மணல் எடுத்தார்கள், அதனால் ஆற்றுப்படுகை அழிந்தது என்று 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் எழுதுங்கள்; முட்டைகள் உடைந்ததை அதன் விளைவாகச் சேருங்கள். அங்கே குவாரி அனுமதி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான்.

தீர்ப்பாயத்தில் மனுப் போடக் காலக்கெடு ஆறு மாதம், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் அறுபது நாள். "பல வருஷமாக நடக்கிறது" என்று ஆத்திரத்தில் எழுதிவிடாதீர்கள். காலக்கெடு தாண்டிவிட்டது என்று சொல்ல அந்த ஒரு வரியே எதிர்த்தரப்புக்குப் போதும். இந்தத் திட்டு எப்போது வெட்டப்பட்டது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஆற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு.

கைப்பேசியில் எடுத்த படத்தைத் தாக்கல் செய்யும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். படம் எடுத்த கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள். முட்டை ஓட்டை யாராவது வீட்டுக்கு எடுத்து வந்திருந்தால், உடனே வனச்சரகரிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இல்லையென்றால் வழக்கு உங்கள் பக்கமே திரும்பிவிடும்.