கிட் ரூம் சாவி கையில வந்தா

கேள்வி: எங்க காலேஜ் கிரிக்கெட் டீமுக்கு இந்த வருஷம் கிட் பொறுப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க. பந்து காணாம போயிட்டே இருக்கு, கிளவுஸ் எல்லாம் நாத்தம், கேட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க தம்பி. எல்லாத்துக்கும் மார்க்கர்ல நம்பர் போட்டு, யார் எத எடுத்தாங்க எப்ப திருப்பிக் குடுத்தாங்கன்னு கையெழுத்து வாங்குங்க, ரெண்டு வாரம் மொறைப்பாங்க, அப்புறம் பழகிரும், பந்து காணாம போறதும் குறையும். நாத்தத்துக்குக் காரணம் வேர்வையோட ஜிப்ப மூடி வச்சிடறதுதான். பேடு, கிளவுஸ் எல்லாத்தையும் அன்னிக்கே நிழல்ல காத்தாட தொங்க விடுங்க, சுள்ளுனு வெயில்ல போட்டா தோல் வெறச்சு வெடிச்சிரும்.

பிட்ச் மேல பாய் விரிச்சு ஆணி அடிச்சு ஆடற மேட் விக்கெட்னா, ஆணிய எண்ணி அடிங்க, எண்ணி எடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் கிடைக்கற வரைக்கும் யாரையும் வீட்டுக்கு விடாதீங்க, புல்லுல கிடக்கற ஆணி மேல டைவ் அடிச்ச பையன் கைய நான் பாத்திருக்கேன்.

ஆனா நான் கெஞ்சிக் கேக்கறது ஹெல்மெட் விஷயம்தான். பலமா ஒரு அடி வாங்கிட்டா வெளிய விரிசல் தெரியலேன்னாலும் அத ஓரங்கட்டிருங்க, அடுத்த அடிய அது அதே மாதிரி தாங்கும்னு நம்ப முடியாது. பார்வை மறைக்குதுன்னு பசங்க மொகத்துக்கு முன்னாடி இருக்கற கம்பி கிரில்ல நெம்பி அகலமாக்குவாங்க, பந்து குறுக்கால சுமார் 7 சென்டிமீட்டர்தான், அந்த சந்துல நுழைஞ்சா நேரா மூக்கு, கண்ணு. 2014 நவம்பர்ல சிட்னில ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுத்தான் ஆடினாரு, அதுக்குக் கீழ கழுத்துல பந்து பட்டு ரெண்டு நாள்ல போயிட்டாரு, 25 வயசு. பின்கழுத்துக்கு கார்டு பரவலானதே அதுக்கப்புறம்தான். உங்க ஹெல்மெட்ல அது இல்லேன்னா தனியா வாங்கி மாட்டலாம், ஆனா அந்த மாடலுக்கு பொருந்துதான்னு கடையிலயே போட்டுப் பாத்துருங்க.

காசு இல்லேன்னு சொல்வாங்க. நெட்ஸ் பயிற்சிக்கு பழைய பந்தே போதும், பேட்ட ஈரத் தரையில நிக்க வைக்காம பாத்துக்கிட்டா அடிப்பக்கம் ஊதாது, அதுலயே கொஞ்சம் மிச்சமாகும். எந்த ஹெல்மெட் எந்தத் தேதில அடி வாங்குச்சுன்னு அதே நோட்டுல எழுதி வைங்க, பி.டி. சார் கிட்ட புதுசு கேக்கப் போறப்ப அந்தப் பக்கத்த விரிச்சுக் காட்டுங்க.