அந்தத் தவணையை ஆட்டோவுக்குக் கொடுங்கள்

கேள்வி: நங்கநல்லூரில் வாடகை வீடு. கணவருக்கு ஆயிரம் விளக்கில் வேலை, எனக்குத் தாம்பரத்தில். ஆறு வயதில் ஒரு பையன், மூட்டு வலியோடு மாமியார். அம்பத்தூரில் இருக்கும் நாத்தனார் கார் வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் அதே பேச்சுதான். வாங்குவதென்றால் எட்டு லட்சம் கடன் எடுக்க வேண்டும். சென்னையில் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாதா?

பதில்: முடியும். அதுவும் நங்கநல்லூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் கணவர் நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் எங்கும் மாறாமல் ஆயிரம் விளக்கில் இறங்கலாம், நீங்கள் பழவந்தாங்கலில் மின்சார ரயிலைப் பிடித்தால் நேரே தாம்பரம். கார் வந்த பிறகும் வேலை நாளில் கத்திப்பாராவிலும் ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஊர்ந்துகொண்டிருக்க மனமில்லாமல் இரண்டு பேரும் ரயிலில்தான் போவீர்கள், பந்தயம் கட்டுகிறேன். அப்புறம் கார் யாருக்கு? மாமியாருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும். (கொஞ்சம் நாத்தனாருக்கும்.)

எங்கள் வீட்டிலும் ஒரு கார் இருந்தது. உறை போர்த்தி வாசலில் நிற்கும், பாதி நாள் அதன்மேல் பூனை தூங்கும், அவசரத்துக்கு எடுக்கப் போனால் பேட்டரி உயிரை விட்டிருக்கும். ஆட்டோதான் பிடிப்போம்.

கணக்கைப் பாருங்கள். எட்டு லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 16,600 ரூபாய். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. வாடகை வீட்டில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை.

அந்தத் தவணையில் மாதம் 6,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள், ஆட்டோவுக்கும் கால் டாக்ஸிக்கும் மட்டும். கார் இல்லாத வீடுகளில் நடப்பது என்னவென்றால், மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும்போது ஆட்டோவுக்கு இருநூறா என்று யோசித்து, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போய், வலி அதிகமாகி, சாயங்காலம் வீட்டில் சண்டை வந்து, கடைசியில் "ஒரு கார் இருந்திருந்தா" என்று முடியும். இருநூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எட்டு லட்சம் கடனில் வந்து நிற்கிறோம்.

அம்பத்தூருக்கு நீங்கள் மூவர் மட்டும் போனால் பூங்கா ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் மாறிக்கொள்ளலாம். மாமியாரோடு வேண்டாம், அந்தப் படிக்கட்டும் நடையும் அவருக்கு ஆகாது, ஞாயிற்றுக்கிழமை ரயிலும் குறைவு. வாசலில் டாக்ஸி ஏறி வாசலில் இறங்கட்டும். மெட்ரோவில் லிஃப்ட் இருப்பதால் அவரைத் தைரியமாகக் கூட்டிப் போகலாம். 2024 முதல் மாநகரப் பேருந்துகளில் தாழ்தள வண்டிகளும் ஓடுகின்றன, ஏறுவதற்குப் படியே இல்லை. சாதாரணப் பேருந்தில் உங்களுக்கும் அவருக்கும் 2021-லிருந்து கட்டணமே கிடையாது, தெரிந்திருக்கும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது என்பீர்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் கார் வைத்திருந்தவர்கள் அதை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளம் வந்தால் கார் உங்களைக் காப்பாற்றாது, நீங்கள்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

வெளியூர்க் கல்யாணத்துக்கு டிரைவரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள், அதுவும் அந்த 6,000-த்தில் சேர்ந்ததுதான்.

ஒன்று மட்டும். நாளைக்கே உங்கள் வேலை ரயில் இல்லாத சிறுசேரி பக்கம் மாறினாலோ, மாமியாருக்கு வாரம் மூன்று நாள் சிகிச்சை என்று ஆனாலோ மறுபடி எழுதுங்கள். அப்போது நானே வாங்கச் சொல்வேன், ஆனால் எட்டு லட்சத்துக்கு இல்லை, பழைய வண்டியாகப் பார்த்து.