வெங்காயம் உரிக்க எட்டுப் பேர் போதும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நம் கிறிஸ்தவக் கோவில்களில் இருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள். பெற்றோர் எழுதியிருக்கிறார்கள், வாலிபர் ஐக்கியத்துக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், பிள்ளைகளே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி என்று எழுதியவரும், மருமகளைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியவரும் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். போன வருஷம் திடப்படுத்தல் எடுத்துச் சபையின் முழு அங்கத்தினன் ஆனான். புதுச் சட்டை, பிரியாணி, சொந்தக்காரர்கள் என்று வீடே நிறைந்திருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் மல்லுக்கட்டுதான். வந்தாலும் கடைசி வரிசையில் போனோடு உட்காருகிறான். வீட்டு ஜெபத்தில் வாயே திறப்பதில்லை. என் வளர்ப்பில் ஏதோ தப்பு என்று இரவில் தூக்கமே வரவில்லை.
– ஒரு தாய், பாளையங்கோட்டை

முதலில் தூங்குங்கள் அம்மா. தூக்கம் கெட்ட அம்மாவின் குரல் காலையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள்.

திடப்படுத்தலை நாம் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் மனப்பாடம், பேராயர் வந்து தலையில் கை வைத்தார், போட்டோ எடுத்தாயிற்று, சான்றிதழ் பீரோவுக்குள் போயிற்று. பாஸாகிவிட்ட வகுப்பில் மறுபடியும் எதற்கு உட்கார வேண்டும் என்று பையன் நினைத்தால் அவன்மேல் மட்டும் தப்பில்லை. அன்றைக்குச் சபை அவனை 'முழு அங்கத்தினன்' என்று சொல்லித் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டதே, அதற்கு அடுத்த வாரம் யாராவது அவனிடம் ஒரு வேலை கொடுத்தார்களா? வேதபாடம் வாசிக்கச் சொன்னார்களா, காணிக்கைப் பை எடுக்கச் சொன்னார்களா, குறைந்தபட்சம் மைக் வயரையாவது சுருட்டி வைக்கச் சொன்னார்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இல்லை என்றுதான் ஊகிக்கிறேன். நூறு சபைகளில் தொண்ணூறு இப்படித்தான்.

வீட்டு ஜெபத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். "ஆண்டவரே, போனே கதி என்று கிடக்கிற என் மகனைத் தொடும், அவன் மார்க்கைக் கூட்டித் தாரும்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஜெபிக்கிறீர்களா? நான் ஜெபித்திருக்கிறேன். அது ஜெபமில்லை, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. திருப்பிப் பேசவும் முடியாது, ஆமென் வேறு சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை வாயைத் திறப்பான்? ஒரு மாதத்துக்கு அவனைப் பற்றி அவன் காதுபட ஜெபிக்காதீர்கள். உங்கள் கடன், உங்கள் முழங்கால் வலி, ஆபீஸில் உங்களுக்கு நடந்த அவமானம், அதைச் சொல்லி ஜெபியுங்கள். ஐந்து நிமிஷம் போதும். அம்மாவுக்கும் கடவுளிடம் பேச ஏதோ இருக்கிறது என்று அவன் முதல்முறையாகப் பார்க்கட்டும்.

இன்னொன்று. 12 வயது இயேசு எருசலேமில் காணாமல் போனபோது, யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் பிரயாணம் முழுக்க அவர் உறவினர்களோடு வருகிறார் என்றே நினைத்து நடந்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் கூட்டத்தில் அவர்கள் பிள்ளையை நம்பி விட்டுவிடக்கூடிய பெரியவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள்! கடைசியில் தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நாம் அவர் சொன்ன பதில்களைத்தான் புகழ்கிறோம், அந்தப் பெரியவர்கள் ஒரு பையனின் கேள்விகளுக்கு உட்கார்ந்து முகம் கொடுத்ததை விட்டுவிடுகிறோம். உங்கள் மகனுக்கு உங்களையும் அப்பாவையும் தவிர அப்படி ஒரு பெரியவர் வேண்டும். பைக் ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மாமா, கிரிக்கெட் பார்க்கிற ஒரு சபை அண்ணன், யாரோ ஒருவர். அறிவுரை சொல்லாதவராக இருந்தால் நல்லது. (எங்கே சந்தித்தாலும் கதவு திறந்திருக்கட்டும், நாலு பேர் நடமாடுகிற இடமாக இருக்கட்டும். கோவில் என்பதற்காக இதில் சலுகை கிடையாது.)

அப்புறம் ஒன்று. ஞாயிறு காலை ட்யூஷன் டெஸ்ட் என்றால் ஆராதனைக்கு லீவு கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், எது முக்கியம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். அவன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறான்.

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பெயர் கொடுத்தவர்கள் 40 பேர், வருவது 8 பேர். பக்கத்துச் சபையில் டிரம்ஸ், கலர் லைட், பெரிய திரை எல்லாம் இருக்கிறது, கூட்டம் அங்கே போகிறது. நாங்களும் நிதி திரட்டி வாங்கலாமா?
– ஐக்கியச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

வாங்கலாம், கடையில் விற்கிறார்கள். ஆனால் தம்பி, லைட் பார்க்க வருகிறவன் இன்னும் பெரிய லைட்டைப் பார்த்தால் அங்கே போவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

எட்டுப் பேர் வருகிறார்களே, அவர்கள் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரியும், யாருக்கு அப்பா வெளிநாட்டில், யாருக்குக் கணக்கு வராது என்றும் தெரியும். 40 பேர் வந்திருந்தால் தெரியாது. இந்த எட்டை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரிதான் நான், அதனால் அசனத்தைப் பற்றி, அதாவது கோவில் பண்டிகைக்குச் சபையே சேர்ந்து சாப்பிடுகிற பந்தியைப் பற்றிச் சொல்கிறேன். பண்டிகைக்கு முந்தின இரவு, கோவில் பின்னால் பந்தல் போட்டு, குழல்விளக்குக்கு அடியில் சாக்கை விரித்து மூட்டை மூட்டையாக வெங்காயம் கொட்டியிருப்பார்கள். எனக்கு அப்போது 14 வயது. எதிரே பெரிய மீசை வைத்த ஒரு அண்ணாச்சி, ஊரில் எல்லாருக்கும் அவரைக் கண்டால் பயம். வெங்காயத்தில் கண்ணீர் வடிய வடிய உரித்துக்கொண்டே, தன் தங்கச்சி பிரசவத்தில் இறந்துபோனதையும், அதற்கப்புறம் மூன்று வருஷம் கோவில் படி ஏறாததையும், பிறகு ஒருநாள் ஏறியதையும் சொன்னார். யாரும் அவரைச் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடவில்லை. வெங்காயமா நிஜமா என்று தெரியாமல் நாங்களும் அழுதோம். இரண்டு மணி இருக்கும், பெரிய அண்டாவில் டீ வந்தது. அன்றைக்குக் கூட உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் இன்றைக்கும் எனக்குப் போன் போடுகிறார்கள். மறுநாள் மேடையில் பேசியவர் யார் என்று கேட்டால் ஞாபகமில்லை.

இப்போது அசனத்துக்குச் சமையல் காண்டிராக்ட் விடுகிறார்கள். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற வேலை மட்டும். உங்கள் ஆயரிடம் போய், காய் வெட்டுவதை மட்டுமாவது வாலிபருக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள். முதியவர்களோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், வாலிபர் மட்டும் என்றால் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள். டிசம்பரில் கேரல் சுற்றும்போது படுக்கையில் கிடக்கிறவர்களின் வீட்டுப் பட்டியலைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். காணிக்கை அதிகம் வரும் வீட்டில் நாலு பாட்டு, கூரை வீட்டில் ஒரு பாட்டு என்ற வழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும், அதைக் கண்டுபிடித்து முதலில் கேள்வி கேட்கப்போவது இந்த எட்டுப் பேர்தான். கேட்கட்டும்.

மே மாதம் ஒரு முகாமுக்குப் போனேன். கடைசி நாள் இரவு எல்லோரும் அழுதோம், நானும் அழுதேன், ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் நன்றாக இருந்தது. இப்போது ஜெபம் பண்ணினால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் தினமும் வசனம் போடுகிறார்கள், எனக்கு மட்டும்தான் இப்படி. ஆண்டவருக்கு என்மேல் கோபமா?
– 15 வயது மாணவி (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள்)

இல்லை கண்ணு. கோபம் இல்லை.

முகாமில் மூன்று நாள் சரியான தூக்கம் இல்லை, அம்மா அப்பாவை விட்டு வந்திருக்கிறாய், நூறு பேர் சேர்ந்து பாடுகிறார்கள், கீபோர்டில் ஒரே சுரத்தை மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகை வரும். அதனால் அது பொய் என்று சொல்லவில்லை, நீ சொன்ன வார்த்தை நிஜம்தான். அந்த உணர்வு மட்டும் காய்ச்சல் மாதிரி ஏறி இறங்கும். இறங்கியதும் கடவுளும் போய்விட்டார் என்று நினைக்கிறாய், அங்கேதான் பெரியவர்கள் நாங்கள் உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

13ஆம் சங்கீதத்தை எடுத்து வாசி. ஆறே வசனம். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதான் ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், 'ஆனாலும்' என்று ஒரு திருப்பம்கூட இல்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தவர்கள் எழுதியதையும் சேர்த்துத்தான் வேதமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். உனக்கு வார்த்தை வராத நாளில் அந்த ஆறு வசனத்தை உன் ஜெபமாகச் சொல்லிவிட்டுப் படு.

குரூப்பில் வசனம் போடுகிறவர்களில் பாதிப் பேர் காலையில் வந்ததை அப்படியே ஃபார்வர்ட் செய்கிறவர்கள். அதில் ஒருத்திக்கு, குரூப்பில் இல்லாமல் தனியாக, "எனக்கு இப்போதெல்லாம் ஒன்றுமே தோன்றவில்லை, உனக்கு எப்படி?" என்று கேட்டுப் பார். வரும் பதில் உனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன். தூக்கம், சாப்பாடு, படிப்பு, தோழிகள் எல்லாமே சேர்ந்து வெறுத்துப்போயிருக்கிறதா? அப்படியானால் இது ஜெபக் குறைவு இல்லை, அம்மாவிடம் சொல்லி டாக்டரைப் பார். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ் என்பார்கள்) போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை.

என் வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷ் மீடியம். தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியவில்லை. ஆங்கிலத்திலேயே நடத்திவிடலாமா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

உங்கள் பிள்ளைகள் திணறுவது தமிழில் மட்டும் இல்லை. நம் சபைகளில் வாசிக்கிற மொழிபெயர்ப்பின் வேர் 1871இல் வெளியானது. 'அங்கலாய்த்து', 'சமீபமாய்', 'தேவரீர்' எல்லாம் தமிழ் மீடியம் பிள்ளைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியவைதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் 1995இல் வந்தது, இன்றைய தமிழுக்கு நெருக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே வசனத்தைப் பிள்ளைகளை ஒப்பிடச் சொல்லுங்கள், அவர்களே சண்டை போட்டுக் கற்றுக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் நடத்துவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டியின் ஜெபம் பேரனுக்குப் புரியாமல் போனால் வீட்டுக்குள்ளேயே இரண்டு சபை ஆகிவிடும், அதுதான் என் கவலை. வகுப்பில் பதினைந்து நிமிஷம் அ, ஆ எழுதச் சொல்லிக் கொடுத்தால் குறைச்சல் என்று நினைக்காதீர்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி ஆரம்பித்தது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான். வேதத்தை வாசிக்க முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும் அல்லவா. நீங்கள் பழைய வேலைக்கே திரும்புகிறீர்கள்.

வாலிபர் கூட்டத்தில் பையன்களும் பெண்பிள்ளைகளும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். கண்டிக்க வேண்டாமா?
– மூத்த அங்கத்தினர், மதுரை

வேண்டாம் ஐயா. கோவிலில் சிரிக்க முடியாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். நீங்களும் நாற்காலி போட்டு அங்கே உட்கார்ந்து சிரியுங்கள், கண்காணிப்பும் ஆயிற்று.

எனக்குக் கோவில் மணி அடிக்க ஆசை. மணி அடிக்கிற தாத்தா, நீ சின்னப் பையன் என்கிறார். எப்படிக் கேட்பது?
– 13 வயது மாணவன், சாயர்புரம் அருகே

மணி அடிக்கவா என்று கேட்காதே. நாளைக்குச் சீக்கிரமே போய் அவரோடு கோவிலைத் திறக்கிறேன் என்று சொல். நாலு வாரம் ஜன்னல் திற, பெஞ்ச் துடை, அவருக்கு டீ வாங்கிக் கொடு. ஐந்தாவது வாரம் அவரே கயிற்றைக் கையில் கொடுப்பார். கொடுக்கும்போது ஒன்று கவனி: இழுத்ததும் கயிறு விருட்டென்று மேலே போகும், அப்போது இறுக்கிப் பிடித்துத் தொங்காமல் கையைத் தளர்த்திவிடு. நான் உன் வயதில் தளர்த்தவில்லை, இரண்டு அடி மேலே போய் வந்தேன், முதல் மணிக்கே ஊர் மொத்தமும் சிரித்தது.