சாவி சுவிட்ச்: பழைய பைக்காரங்க கேள்வியும் என் பதிலும்

பாளையங்கோட்டையில முப்பது வருசமா ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பாக்கேன். பழைய வண்டி வச்சிருக்கவங்ககிட்ட, சாவி சுவிட்ச் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொன்னதும் சொன்னேன், கேள்வி கொட்டிட்டு. ஒரே மாதிரி இருந்ததைச் சேத்துட்டேன். ஊரும் வண்டியும் மட்டும் போட்டிருக்கேன், பேர் வேண்டாம்.

கேள்வி (யமஹா ஆர்எக்ஸ் 100, வள்ளியூர்): அண்ணாச்சி, ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சா இன்ஜின் டப்புனு நின்னுருது. நேரா வச்சு உதைச்சா உடனே எடுக்கு. மெக்கானிக் புது சுவிட்ச் வாங்கிட்டு வரச் சொல்லுதாரு. வாங்கட்டா?

பதில்: இப்ப வாங்காதீங்க தம்பி. ஹேண்டிலை ஒடிக்கையில சுவிட்சுக்குள்ள ஒரு துரும்பும் அசையாது. அசையுறது அதுல இருந்து இறங்குற வயர்க்கட்டு. ஸ்டீரிங் கழுத்துகிட்ட அது மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து, உங்க வண்டி வயசுக்கு எத்தனை தடவைன்னு கணக்கு கிடையாது. ஆர்எக்ஸ் 100 வந்ததே 1985ல, நின்னது 1996ல. கடைசியா வந்த வண்டிக்கே இப்ப என்ன வயசுன்னு பாத்துக்கிடுங்க.

இங்க ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் லேசு. பாயிண்ட் (ஸ்பார்க் நேரத்துக்குச் சேந்து பிரியுற காண்டாக்ட்) வச்ச பழைய புல்லட்ல சாவி சுவிட்ச் கரண்டைக் கொடுக்கும். ஆன் பண்ணினா பேட்டரியில இருந்து ஸ்பார்க்குக்கான காயிலுக்குப் போகும், ஆஃப் பண்ணினா போகாது. உங்க வண்டி நேர் எதிர். சிடிஐக்கு (ஸ்பார்க் கொடுக்கிற எலக்ட்ரானிக் பெட்டி) வேண்டிய கரண்டை இன்ஜினோட சுத்துற மேக்னெட்டே கொடுத்துரும், பேட்டரியைக் கழட்டி வச்சாலும் இன்ஜின் ஓடும். இன்ஜினைப் பொறுத்தவரை சாவிக்கு அங்க நிப்பாட்டுற வேலைதான். ஆஃப்ல வச்சா, கறுப்புல வெள்ளைக்கோடு போட்ட வயரை எர்த்தோட, அதாவது வண்டி இரும்போட, சேத்துவிடும், ஸ்பார்க் செத்துரும்.

அப்போ உங்க வண்டியில அந்த வயர் அறுந்திருந்தா என்ன ஆகணும்? இன்ஜின் நிக்காது. சாவியை எடுத்தாக்கூட நிக்காது. நிக்குதுன்னா, வெள்ளைக்கோட்டு வயர் தோல் தேஞ்சு இரும்புல எங்கயோ தொடுது. சிடிஐ பக்கத்துல அந்த ஒரு வயரை மட்டும் உருவி, முனையில டேப் சுத்திட்டு, வண்டியை எடுத்து ஹேண்டிலை ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பாருங்க. நிக்காட்டா ஆள் அகப்பட்டாச்சு. சாவி அப்போ வேலை செய்யாது, அதனால பிரேக்கை அமுக்கி, கியரைப் போட்டு, கிளட்சை விட்டு நிப்பாட்டணும். ரோட்டுல வச்சு இந்தச் சோதனை வேண்டாம், வீட்டு வாசல் போதும். தேஞ்ச இடத்தைக் கண்டுபிடிச்சு ஸ்லீவ் போட்டா முடிஞ்சது.

கேள்வி (புல்லட் 350, அம்பாசமுத்திரம்): பாபநாசம் ஏத்தத்துல போய்க்கிட்டு இருக்கேன், இன்ஜின், ஹாரன், லைட்டு எல்லாம் ஒண்ணா போயிட்டு. செத்த நேரம் சாவியை ஆட்டிக்கிட்டு இருந்தேன், தானா வந்துட்டு. பாயிண்ட் மாடல். சுவிட்ச்தானே அண்ணாச்சி?

பதில்: இருக்கலாம். எல்லாம் ஒண்ணா போனா, எல்லாத்துக்கும் பொதுவான வழியில அடைப்புன்னு அர்த்தம். பேட்டரி முனை, பியூஸ், ஆம்பியர் மீட்டர், அப்புறம் சுவிட்ச். ஆம்பியர் மீட்டரை யாரும் சந்தேகப்படுறதில்ல. ஆனா உங்க வண்டியில பேட்டரிக் கரண்டு அதுக்குள்ள புகுந்துதான் சுவிட்சுக்கே வருது. ஹெட்லைட் டூமைத் திறந்து ஆம்பியர் மீட்டர் பின்னாடி இருக்கிற ரெண்டு நட்டையும் தொட்டுப் பாருங்க. விரலாலேயே சுத்துற அளவுக்கு லூசா இருந்த வண்டியெல்லாம் பாத்திருக்கேன். சாவியை ஆட்டினதுல டூமே அதிர்ந்து அந்த நட்டு சேந்திருக்கலாம், நீங்க சுவிட்சுதான்னு நினைச்சிருப்பீங்க.

அந்த மீட்டரே ஒரு டாக்டர். இன்ஜின் ஓடாம சாவியை மட்டும் ஆன் பண்ணி, கிக்கரைக் கையால மெல்ல மெல்ல இறக்குங்க. பாயிண்ட் சேந்திருக்கையில முள் மூணு நாலு ஆம்பியர் மைனஸ் பக்கம் சாயும், பிரியும்போது நடுவுக்கு வரும். சாஞ்சு சாஞ்சு வந்தா சுவிட்ச், காயில், பாயிண்ட் மூணு வழியாவும் கரண்டு போகுது. எங்க வச்சாலும் சாயலைன்னா வழி அடைச்சிருக்கு. பாத்து முடிச்சதும் சாவியை ஆஃப் பண்ணிருங்க. பாயிண்ட் சேந்த நிலையில அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போனா காயில் சுட்டுரும், பேட்டரியும் இறங்கிரும்.

இன்னும் துல்லியமா வேணும்னா மல்டிமீட்டர். சாவி ஆன், பாயிண்ட் சேந்திருக்கணும். மீட்டரோட ஒரு முள்ளைப் பேட்டரி லைவ் முனையில வைங்க, இன்னொண்ணைக் காயிலுக்கு சப்ளை வர்ற முனையில. வழி சுத்தமா இருந்தா அரை வோல்ட்டுக்குள்ளதான் காட்டும். ஒண்ணரை, ரெண்டுன்னு காட்டினா அவ்வளவும் நடுவுல யாரோ திங்காங்க. அப்புறம் முள்ளை ஒவ்வொரு இடமா நகத்துங்க: பியூஸுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், ஆம்பியர் மீட்டருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், சுவிட்சுக்கும் அதே மாதிரி. எங்க தாண்டும்போது குதிக்குதோ அங்கதான் கோளாறு. இதைப் பாக்காம யாராவது சுவிட்சை மாத்தச் சொன்னா, மீட்டரைக் கையில கொடுத்துக் காட்டச் சொல்லுங்க.

கேள்வி (ஜாவா, சேரன்மகாதேவி): அப்பா ஓட்டின வண்டி அண்ணே. 6 வோல்ட். டூம்ல இருக்கிற சுவிட்ச்ல சாவியைக் குத்தினா ஒரு நேரம் லைட் வருது, ஒரு நேரம் வரல. 12 வோல்ட் வண்டி சுவிட்ச் ஒண்ணைப் போட்டு முடிச்சுரலாம்னு கடையில சொல்லுதாங்க. எனக்கு அந்த ஆணி மாதிரி சாவியை விட மனசில்ல. பழசையே சரி பண்ண முடியுமா?

பதில்: விடாதீங்க தங்கச்சி. மைசூர்ல 1961ல இருந்து வந்த வண்டிங்க அது. டூம்ல ஓட்டையைப் பெரிசாக்கி வேற சுவிட்ச் மாட்டினா திருப்பி மூட முடியாது.

வோல்ட் பொருந்தாதுங்கிறதும் இல்ல, பயப்பட வேண்டியது ஆம்பியருக்கு. 35 வாட் பல்பு 12 வோல்ட்ல மூணு ஆம்பியர் சுமார் எடுக்கும், 6 வோல்ட்ல ஆறு எடுக்கும். கரண்டு ரெண்டு மடங்கானா, அதே காண்டாக்ட்ல பிறக்கிற சூடு நாலு மடங்கு. இப்ப வர்ற மெலிசு சுவிட்சைப் பழைய 6 வோல்ட் வண்டியில மாட்டினா, வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள பிளாஸ்டிக் இளகிரும்.

சரி பண்ற விதம் சொல்லுதேன். பேட்டரியில எர்த் வயரை முதல்ல கழட்டுங்க, லைவை இல்ல. லைவைக் கழட்டுற ஸ்பேனர் பிரேம்ல இடிச்சா பொறி பறக்கும். டூம் உள்பக்கத்தை நல்ல வெளிச்சத்துல நாலு போட்டோ எடுங்க. ஒவ்வொரு வயர்லயும் மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டி, சுவிட்ச்ல என்ன எழுத்து இருக்கோ அதை எழுதுங்க. கலரை நம்பாதீங்க, இத்தனை வருசத்துல எத்தனை பேர் கை பட்டிருக்குமோ.

சுவிட்சைப் பிரிக்கையில தரையில வெள்ளை வேட்டியை விரிச்சுட்டு உக்காருங்க. இந்த மாதிரி சுவிட்ச்ல பெரும்பாலும் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் இருக்கும். மிளகைவிடச் சிறுசு. தட்டு லேசா தூக்கினதும் ‘டிக்’குனு ஒரு சத்தம்தான் கேக்கும், ஆளைக் காணாது. என் கடையில ஒரு மத்தியானம் பூரா நானும் பையனும் தரையைக் கூட்டி, குப்பையில காந்தத்தை ஓட்டித் தேடி, சாயங்காலம் அது என் சட்டைப் பையில இருந்து விழுந்துது.

உள்ள பித்தளைக் காண்டாக்ட் கறுத்தோ பச்சை பிடிச்சோ இருக்கும். உப்புத்தாள் வேண்டாம், பித்தளையைத் தின்னுரும். பென்சில் அழிக்கிற ரப்பரால தேச்சாலே மினுங்கும், போகாததுக்கு காண்டாக்ட் கிளீனர். காண்டாக்ட் நாக்கு தளர்ந்து கிடந்தா மூக்குக் குறடால ஒரு மயிரிழை தூக்கி விடுங்க, அதுக்கு மேல தூக்கினா ஒடிஞ்சுரும். மாட்டினதுக்கு அப்புறம் நான் மேல சொன்ன அரை வோல்ட் சோதனையைச் சுவிட்சுக்கு மட்டும் செஞ்சு பாருங்க. பித்தளை குழி விழுந்து போயிருந்தா மட்டும் பழைய சாமான் கடையில இன்னொரு ஜாவா சுவிட்ச் தேடலாம், அதையும் பிரிச்சுத் தொடச்சுட்டு மாட்டுங்க.

கேள்வி (ஹீரோ ஹோண்டா சிடி 100, மேலப்பாளையம்): புது சுவிட்ச் வாங்கியாச்சு. நாலு வயர், கப்ளர் (வயரைச் சேக்கிற பிளக்) பொருந்தல, கலரும் வேற. கலர் பாத்துச் சேத்துரலாமா?

பதில்: கூடாது, கூடாது. ஒரு உதாரணம் சொன்னாப் போதும். யமஹாவுல கறுப்பு எர்த். ஹோண்டா வகையில எர்த் பச்சை, கறுப்புங்கிறது சாவி போட்டதும் லைவ் ஆகுற வயர். யமஹாவுக்குச் செஞ்ச சுவிட்சைக் கறுப்புக்குக் கறுப்புன்னு உங்க வண்டியில சேத்தா, எர்த்துக்குப் போக வேண்டிய முனை லைவ்ல போய் உக்காரும்.

மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில (வழி இருந்தா பீப் அடிக்கிற நிலை) வச்சு, புது சுவிட்சைக் கையில வச்சே பாருங்க. சாவி ஆன்ல எந்த ரெண்டு வயர் பீப் அடிக்கோ, அது பேட்டரி சப்ளையும் அது போற இடமும். ஆஃப்ல எந்த ரெண்டு அடிக்கோ, அது நிப்பாட்டுற வயரும் எர்த்தும். ஆஃப்ல ஒண்ணுமே அடிக்கலைன்னா அது பாயிண்ட் வண்டி மாதிரி கரண்டைக் கொடுக்கிற வகைச் சுவிட்ச், கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொடுங்க. வண்டிப் பக்கம் ஹோண்டா முறைப்படி சிவப்பு பேட்டரி, கறுப்பு ஆன் சப்ளை, பச்சை எர்த், கறுப்பு வெள்ளை நிப்பாட்டுறது. இதையும் மீட்டர் வச்சு ஒரு தடவை உறுதி பண்ணிட்டுச் சேருங்க.

தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு ஆர்எக்ஸ்ல நான் அவசரப்பட்டு வெள்ளைக்கோட்டு வயருக்குப் பேட்டரி லைவைக் கொடுத்துட்டேன். சிடிஐ போயிட்டு. என் கைக்காசுல புதுசு வாங்கி மாட்டிக் கொடுத்தேன், கூலியும் வாங்கல.

சேக்கும்போது வெறுமனே முறுக்கி டேப் சுத்தாதீங்க. லக் (வயர் முனையில மாட்டுற உலோக முனை) வச்சு அமுக்கணும், இல்ல சால்டர் வச்சு ஸ்லீவ் போடணும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் ஒடிச்சு, வயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டுத்தான் டேக் கட்டணும்.

கேள்வி (புல்லட், நெல்லை ஜங்ஷன்): 2023 டிசம்பர் வெள்ளத்துல ரெண்டு நாள் முங்கிக் கிடந்த வண்டி. இன்ஜின் வேலை எல்லாம் முடிச்சாச்சு. சுவிட்ச் அப்பப்போ மக்கர். சுத்தம் பண்ணலாமா, மாத்தணுமா?

பதில்: மாத்திருங்க. தாமிரபரணி வண்டல் உள்ள போய்க் காஞ்சிருந்தா தொடச்சாலும் ஸ்பிரிங் அடியில நிக்கும். சுவிட்சோட நிப்பாட்டாம பியூஸ் பெட்டி, கப்ளர் முனை எல்லாத்தையும் உருவிப் பாருங்க. வயரை ஒரு இஞ்ச் சீவிப் பாத்து, செம்பு கறுத்திருந்தா அந்த வயரும் போகணும்.

கேள்வி (உவரி, திசையன்விளை பக்கம் பல பேர்): சாவி திரும்ப மாட்டேங்குது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பதில்: எண்ணெய் விட்டா அன்னைக்கு வழுவழுன்னு போகும். மறுவாரம் தேரி மணலும் எண்ணெயும் சேந்து களிம்பா நிக்கும். சாவியில ரெண்டு பக்கமும் பென்சிலால நல்லா கறுக்கத் தேச்சு, உள்ள விட்டு விட்டு எடுங்க. கடல் காத்துக்கு வயர் முனைகள்ல வாசலின் தடவி வைக்கலாம்.

கேள்வி (யெஸ்டி பைக், கல்லிடைக்குறிச்சி): பத்து கிலோமீட்டர் போனா நிக்கி. பத்து நிமிசம் கழிச்சு எடுக்கு. சுவிட்ச் ரெண்டு தடவை மாத்தியாச்சு.

பதில்: ரெண்டு சுவிட்ச் காசு தண்டம் அண்ணாச்சி. அடுத்த தடவை நின்ன உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்க. ‘புஸ்’ஸுனு காத்து உள்ள இழுத்தா மூடியில காத்து ஓட்டை அடைச்சிருக்கு, ஊசியால குத்தி விட்டாப் போதும். சத்தம் இல்லைன்னா பிளக்கைக் கழட்டி ஸ்பார்க் பாருங்க. சூட்டுல ஸ்பார்க் இல்லாம, ஆறினதும் வந்தா காயில், கண்டன்சர் பக்கம் போங்க.

கேள்வி (புல்லட், நாங்குநேரி): புது சுவிட்ச் சீக்கிரம் போகாம இருக்க ரிலே போடலாம்னு சொல்லுதாங்களே?

பதில்: ரிலேன்னா சின்னக் கரண்டை வச்சுப் பெரிய கரண்டைச் சேத்துவிடுற சாமான். ஹெட்லைட் பேட்டரியில எரியுற 12 வோல்ட் வண்டின்னா தாராளமா போடலாம். ரிலே முனையில நம்பர் இருக்கும்: பேட்டரியில இருந்து பியூஸ் வழியா 30க்கு, 87ல இருந்து லைட்டுக்கு. 85 எர்த், 86க்கு சுவிட்ச்ல இருந்து வர்ற வயர். அப்புறம் ஹெட்லைட்டுக்காக சுவிட்ச் சுமக்கிறது ஒரு ஆம்பியர்ல கால் பங்குகூட இருக்காது. ஹெட்லைட் இன்ஜின் ஓடினாத்தான் எரியுற வண்டின்னா அது மேக்னெட் கரண்டு, அங்க ரிலேக்கு வேலையில்ல.

கேள்வி (ஆர்எக்ஸ் 100, பேட்டை): சாவி தொலைஞ்சு போச்சு. சாவி இல்லாம ஓடுற மாதிரி டைரக்ட் பண்ணிக் கொடுப்பீங்களா?

பதில்: ஆர்சி புக்கோட வாங்க, பூட்டுக்காரர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். டைரக்ட் பண்ற வேலை எங்கிட்ட கிடையாது.

கேள்வி (புல்லட், பத்தமடை): சாவிக்கொத்துல பத்துப் பன்னெண்டு சாவி, கூட திருச்செந்தூர்ல வாங்கின பித்தளை வேல். இதனாலயும் சுவிட்ச் தேயுமாமே, நெசமா?

பதில்: நெசம்தான். புல்லட் ஆடுற ஆட்டத்துக்கு அத்தனை கனமும் தொங்கி அடிச்சா பேரல் (சாவி நுழையுற குழல்) ஒரு பக்கமா தேஞ்சுரும், அப்புறம் ஆன்லயே சாவி கையோட வந்துரும். வேலைப் பூசை ரூம்ல வைங்க. பீரோ சாவி, கடைச் சாவி எல்லாம் வேற வளையத்துல. வண்டிக்கு ஒத்தச் சாவி, அதுல ஒரு நூல் கயிறு.